சாவி யார்கிட்ட?

எங்கள் சித்தப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். இருபத்தாறு வருடங்களில் எத்தனை கதவுகளைத் திறந்துவிட்டிருக்கிறார் என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். ஆனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வந்ததும் முதலில் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் அவருக்கு அத்துப்படி. பாதிக்கு மேல் "சாரி" என்பார்களாம். பழுது லிஃப்டில், மாட்டிக்கொண்டது அவர்கள், ஆனாலும் தங்கள் எடைதான் குற்றம் என்பதுபோல ஒரு கூச்சம். ஒரு அம்மா கைப்பையைத் தூக்கிக் காட்டி, "இதுல கனமா ஒண்ணும் இல்லைங்க" என்று சத்தியம் செய்தாராம்.

நானும் அதே நிறுவனத்தில்தான் வேலை செய்கிறேன். மாட்டிக்கொண்டவர்கள் அழைத்தால் எடுக்கும் தொலைபேசி என் மேசையில் இருக்கிறது. ஆள் அனுப்பி, நேரம் குறித்து, கதவு திறக்கும்வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேசவே வராத என்னை அந்த நாற்காலிக்குச் சிபாரிசு செய்தவர் சித்தப்பாதான். "அவங்களுக்கு பேசறவன் வேண்டாம்டா, கேக்கறவன்தான் வேணும்" என்றார். நான் தங்கியிருப்பதும் அவர் வீட்டு மாடியில்தான். அதனால் அவருடைய மோட்டார் சைக்கிள் கதையில் வீட்டுப் பாதியையும் அலுவலகப் பாதியையும் முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

முதலில் சாவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லிஃப்ட் வேலையில் பல சமயம் கூண்டின் தலைமேல் ஏறி நிற்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் யாராவது தெரியாமல் மின்சாரத்தைப் போட்டுவிட்டால் அவ்வளவுதான். அதனால் மொட்டைமாடி அறையில் சுவிட்சை அணைத்து, அதற்கு ஒரு சின்னப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்ட பிறகே உள்ளே காலை வைப்பார்கள். யாருடைய உயிர் உள்ளே இறங்குகிறதோ, அவர் பையில்தான் சாவி இருக்க வேண்டும். சித்தப்பாவுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். இருவரும் ஒரே வேனில் போய் ஒரே வேனில் வருவார்கள். ஒவ்வொரு முறையும் கூட்டாளி சத்தமாகக் கேட்பார்: "சாவி யார்கிட்ட?" சித்தப்பா பையைத் தட்டிக் காட்டிச் சொல்வார்: "எங்கிட்ட." அவர் பதில் சொல்லாமல் வேலை ஆரம்பித்ததே கிடையாது. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே சாவிக்காரர்.

அந்தக் கூட்டாளி மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். கொஞ்ச நாளில் நிறுவனம் வேனையும் எடுத்துவிட்டது. நெரிசலில் வேன் நகர்வதில்லை, இனி ஆளுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். இரண்டு மாதத்துக்குள் உரிமம் எடுக்க வேண்டும். அதன் பிறகு ஒரு மாதம் சோதனைக் காலம். அழைப்பு வந்து முப்பது நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும். மூன்று முறை தவறினால் சாமான் அறைக்கு மாற்றம்.

சித்தப்பாவுக்கு வயது ஐம்பத்தொன்று. சைக்கிளைத் தவிர வேறு எதையும் ஓட்டியவரில்லை. சாமான் அறை எங்கள் அலுவலகத்தின் பின்பக்கம் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. ஒரு குழல் விளக்கு, கூரை வரை இரும்பு அடுக்குகள், அடுக்குகளில் கம்பிச் சுருளும் உருளையும். அறிவிப்பைப் படித்த அன்று அந்த அறையின் வாசலில் அவர் கொஞ்ச நேரம் நின்றதைப் பார்த்தேன். என்னைக் கண்டதும், "இங்க எந்தக் கதவுக்குப் பின்னாலயும் யாரும் இல்லடா" என்றார். 

*

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர் மகள். எனக்குத் தங்கை முறை. எலும்பு மருத்துவமனையில், அடிபட்டவர்களை மறுபடி நடக்க வைக்கும் பிசியோதெரபி வேலை. மூன்று வருடமாக வண்டி ஓட்டுகிறாள். அப்பா ஆச்சே என்று விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை.

மூடிக் கிடந்த ஒரு கிடங்கின் முற்றத்தில் காலை ஆறு மணிக்கு வகுப்பு. நான் ஓரமாகச் சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன்.

"முன் சக்கரத்தைப் பாக்காதீங்கப்பா. அது எங்கயும் ஓடிடாது. நீங்க போக வேண்டிய இடத்தைப் பாருங்க."

"பள்ளம் இருக்கே?"

"பள்ளத்தைப் பாத்துட்டே போனா பள்ளத்துலதான் இறங்குவீங்க. பள்ளத்துக்குப் பக்கத்துல இருக்கற ரோட்டைப் பாருங்க."

சித்தப்பா வண்டியைக் கிளப்புவார். ஒரு உதறல். நின்றுவிடும். மறுபடி கிளப்புவார்.

"கிளட்சை ஏன் இப்படி விடறீங்க? சூடான தட்டைக் கீழ போடற மாதிரி!"

"நீ கத்தினா எனக்குக் கை நடுங்குது."

"நான் கத்தலை. ஹெல்மெட் போட்டிருக்கீங்க, அதான் சத்தமாப் பேசறேன். அண்ணா, நீயாச்சும் சொல்லேன்!"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஆமா, இவன் வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடும்" என்றாள்.

ஹெல்மெட் விஷயத்தில் அவள் வாதத்துக்கே இடம் கொடுக்கவில்லை. முழு முகமும் மூடும் ஹெல்மெட், கையுறை, கணுக்கால் வரை மூடும் காலணி, முழங்கையில் மெத்தை வைத்த மேல்சட்டை. சித்தப்பா ஒரு நாள், "இந்தத் தெரு முனைக்குத்தானே" என்று ஹெல்மெட் இல்லாமல் ஏறி உட்கார்ந்தார். அவள் வண்டியின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"தினமும் எங்ககிட்ட வர்றாங்கப்பா. எங்க விழுந்தீங்கன்னு கேட்டா, பாதிப் பேர் சொல்றது 'தெரு முனையில'தான். தூரமாப் போனவங்களை விட தெரு முனை வரைக்கும் போனவங்களைத்தான் நான் அதிகம் நடக்க வச்சிருக்கேன்."

சித்தப்பா இறங்கி உள்ளே போய் ஹெல்மெட்டை எடுத்து வந்தார். வாரைப் போட மறந்துவிட்டார். அவளே மோவாய்க்கடியில் கையைக் கொடுத்து, இரண்டு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கினாள். சின்னப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தான் போடுவதுபோல இருந்தது. சித்தப்பா அண்ணாந்து, வாசல் கூரையில் ஏதோ பழுது தெரிவது போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு விசித்திரமான தவறு மட்டும் அவரிடம் போகவே இல்லை. திரும்புவதற்கு இண்டிகேட்டர் போடுவார். திரும்புவார். பிறகு அணைக்க மாட்டார். வண்டி தெருத் தெருவாகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே போகும்.

"அப்பா, ஒரு கிலோமீட்டரா நீங்க இடது பக்கம் திரும்பிட்டே இருக்கீங்க."

"திரும்பினதும் அதுவா அணையாதா?"

"இது மோட்டார் சைக்கிள்பா. நீங்கதான் அணைக்கணும்."

"லிஃப்ட்ல மேல் அம்பு எரியும். தளம் வந்ததும் தானா அணைஞ்சிடும்."

"இங்க தளமே வராது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது வெறும் மறதி இல்லை என்று பிறகுதான் புரிந்தது. இருபத்தாறு வருடம் அவர் பார்த்த அம்புக்குறி எல்லாம் உண்மை பேசியவை. மேலே போகும் என்று காட்டினால் லிஃப்ட் மேலேதான் போகும். காட்டியது ஒன்று, போனது ஒன்று என்றால் அதைச் சரிசெய்யாமல் அந்தக் கட்டடத்தை விட்டு அவர் நகரவே மாட்டார். அம்பு பொய் சொல்லும் ஒரு உலகத்தில் அவர் வாழ்ந்ததே இல்லை.

*

சித்திக்கு இது எதுவுமே பிடிக்கவில்லை. சித்தி வீட்டிலேயே துணி தைப்பவர். தையல் இயந்திரம் வாசல் ஜன்னலை ஒட்டி இருக்கும். ஆகவே வண்டி போவதும் வருவதும் அவர் கண்ணில் படாமல் நடக்காது. உரிமம் கிடைத்த அன்று தங்கை இனிப்பு வாங்கி வந்தாள். சித்தி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "மென்னு முழுங்கியாச்சு. சந்தோஷம்னு மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதே" என்றார்.

சோதனைக் காலத்தின் முதல் நாள் காலை. சித்தப்பா எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு விண்வெளிக்குக் கிளம்புபவர்போல வாசலில் நின்றார். வழக்கமாக மாட்டும் சுவர் ஆணியில் வண்டிச் சாவி இல்லை.

"சாவி எங்க?"

தையல் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"உன்னைத்தான் கேக்கறேன். சாவி யார்கிட்ட?"

இயந்திரம் நின்றது.

"எங்கிட்ட" என்றார் சித்தி.

சித்தப்பா ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினார்.

"உங்க தொழில்ல என்ன வழக்கம்? யார் உயிர் உள்ள இறங்குதோ அவங்ககிட்டதானே சாவி? இங்க என் உயிர்தான் அது மேல ஏறிப் போகுது. அப்ப சாவி எங்கிட்டதான் இருக்கும்."

சர்க்கரை டப்பாவுக்குள்ளிருந்து சாவி வெளியே வந்தது. கொடுக்கும் முன் சித்தி ஒவ்வொன்றாகக் கேட்டார். வார் போட்டாச்சா? காத்து பாத்தாச்சா? பிரேக் பிடிச்சுப் பாத்தாச்சா? ஸ்டாண்டை மடிச்சாச்சா? சித்தப்பா ஒவ்வொன்றுக்கும், "ஆச்சு, ஆச்சு" என்றார். அன்றிலிருந்து தினமும் அதே பூசை. சாயங்காலம் வந்ததும் சாவி திரும்ப சர்க்கரை டப்பாவுக்குப் போய்விடும். வண்டிச் சாவியில் எறும்பு ஊர்வதை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் வீட்டில்தான்.

பிடிக்காத வேலை என்றாலும் சித்தி அரைகுறையாகச் செய்ய மாட்டார். சித்தப்பாவின் மேல்சட்டையை வாங்கி முதுகிலும் தோளிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டைகளை வைத்துத் தைத்தார். தையல் அவ்வளவு நேர்த்தி. "பின்னால வர்றவன் கண்ணு தெரியாதவனா இருந்தாலும் தெரியணும்" என்றார்.

*

ஒன்பதாவது நாள் அவர் விழுந்தார்.

காலை பத்தரை மணி. ஒரு சின்னத் தெருவிலிருந்து பெரிய சாலைக்கு வந்து வலது பக்கம் திரும்பக் காத்திருந்தார். வலப்பக்கமிருந்து தண்ணீர்க் கேன் ஏற்றிய வேன் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் இடது இண்டிகேட்டர் எரிந்தது. இவர் நின்ற தெருவுக்குள்தான் திரும்பப் போகிறது. அம்பு சொல்லிவிட்டது; பிறகென்ன? சித்தப்பா கிளட்சை விட்டுச் சாலைக்குள் நுழைந்தார்.

வேன் திரும்பவில்லை. நேராக வந்தது.

பதறிப்போய் முன் பிரேக்கை மொத்தமாகக் கவ்விப் பிடித்தார். கைப்பிடி திரும்பியிருந்தது. சக்கரத்தின் அடியில் மணல். வண்டி அவரையும் கூட்டிக்கொண்டு சாய்ந்தது. வேன் கிறீச்சிட்டு, இரண்டு கை தூரத்தில் நின்றது. பின்னால் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட சத்தம் அன்று முழுக்கக் காதில் இருந்தது என்றார்.

வேன்காரர் குதித்து ஓடி வந்தார். வேகமாகத் திட்டத்தான் வந்திருப்பார். அதற்குள் தன் வண்டியின் விளக்கு இன்னும் சிமிட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார்.

"ஐயோ, அணைக்க மறந்துட்டேங்க. எப்ப போட்டேன்னே தெரியலை. அடி பட்டுச்சா?"

"இல்ல, இல்ல. சாரி" என்றார் சித்தப்பா.

கையுறையின் உள்ளங்கை கிழிந்திருந்தது. ஹெல்மெட்டில் காது இருக்கும் இடத்தில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு கீறல். முட்டியில் கன்றிய நீலம். வேறு ஒன்றும் இல்லை. அன்றைய அழைப்புக்கு நாற்பத்தேழு நிமிடம். முதல் தவறு.

சாயங்காலம் வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தங்கை கிழிந்த கையுறைக்குள் தன் கையை விட்டு, கிழிசல் வழியே தெரிந்த உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சித்தி ஹெல்மெட்டை மடியில் வைத்து, அந்தக் கீறலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"நாளைக்கு மேலாளர்கிட்டப் பேசிடறேன்" என்றார் சித்தப்பா. "சாமான் அறைக்கே போயிடறேன். எனக்கு இது சரிப்படாது. லிஃப்ட்ல எல்லாம் என் கைக்குள்ள இருக்கும். பூட்டிச் சாவியைப் பையில போட்டுட்டா உலகமே நின்னுடும். ரோட்டுல அப்படி இல்லை. ஒவ்வொரு வண்டியோட சாவியும் ஒவ்வொருத்தன் பையில இருக்கு. அவன் என்ன நினைச்சுட்டு வர்றான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சித்தி உடனே "சரி" என்பார் என்று நினைத்தேன். அவர் வேண்டிக்கொண்டதே அதைத்தானே.

சித்தி ஹெல்மெட்டை மெதுவாக மேசைமேல் வைத்தார். "அங்க போனா சாயங்காலம் வந்து எனக்கு என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டார். "இத்தனை வருஷமா தினமும் ஒருத்தர் வெளிய வந்து என்ன சொன்னாருன்னு சொல்லிட்டு இருந்தீங்க. இனிமே கம்பிச் சுருள் என்ன சொல்லிச்சுன்னு சொல்லுவீங்களா?"

சித்தப்பா குனிந்து முட்டியைத் தடவினார். தங்கைதான் பேசினாள்.

"அப்பா, இப்ப நீங்க சொன்னது ரொம்பச் சரி. எல்லார் சாவியும் அவங்கவங்க பையில. அது தெரிஞ்சு ஓட்டறவர்தான் ஒழுங்கா ஓட்டறவர். அந்த வேன்காரர் கெட்டவரா?"

"பாவம், நல்ல மனுஷன். என்னை மாதிரியே அணைக்க மறந்துட்டாரு."

"அவ்வளவுதான். ரோட்டுல பாதிப் பேர் உங்களை மாதிரிதான். விளக்கை நம்பாதீங்க. சக்கரத்தைப் பாருங்க. வேகம் குறையுதா, முன் சக்கரம் திரும்புதான்னு பாத்துட்டு அப்புறம் நகருங்க. பின்னால எவன் ஹாரன் அடிச்சாலும் அவனுக்காக நகராதீங்க. நாளைக்கு ஆறு மணிக்குக் கிடங்கு. பிரேக் மட்டும்தான் பாடம்."

அடுத்த பத்து நாள் காலையில் வேறு எதுவுமே கிடையாது; பிரேக், பிரேக், பிரேக். வண்டியை நிமிர்த்தி, கைப்பிடியை நேராக்கி, முன்னும் பின்னும் சேர்த்து, பற்பசையைப் பிதுக்குவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக. சித்தப்பாவுக்கு முதல் மூன்று நாள் அது பிடிபடவில்லை. நாலாம் நாள் திடீரென்று வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே கத்தினார்:

"அட, லிஃப்ட்டும் இதைத்தானே பண்ணுது! தளம் வந்த பிறகா அது வேகம் குறைக்குது? ஒரு மாடி முன்னாடியே ஆரம்பிச்சிடுமே! உள்ள நிக்கறவருக்கே தெரியாதே!"

"இதைத்தான்பா நான் நாலு நாளா தொண்டை கிழியச் சொல்றேன்" என்றாள் தங்கை.

"நீ லிஃப்ட்டுன்னு சொல்லலையே."

அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு சந்திப்பையும் ஒரு தளமாகக் கருதினார். ஒரு மாடி முன்பே வேகம் குறைந்துவிடும். தெருவில் பையன்கள், "பெருசு தூங்கிடுச்சு" என்று தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டார்.

*

சோதனைக் காலத்தின் கடைசி வாரம். இதற்குள் இன்னொரு தவறும் விழுந்திருந்தது. சாலை அடைபட்டுச் சுற்றிப் போனதில் முப்பத்தாறு நிமிடம். மூன்றாவது ஒன்று நடந்தால் சாமான் அறை. பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே இரண்டு சிவப்புச் சுழிகள். அவற்றைப் போட்டவன் நான். வேறு யாரும் போட முடியாது, அது என் வேலை.

வியாழக்கிழமை மதியம், பல மாதங்களுக்குப் பிறகு முதல் மழை. வெயிலோடு ஆரம்பித்துச் சட்டென்று கறுத்துக்கொண்டது. இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத் தொலைபேசி அடித்தது.

"அய்யோ... ஃபீக்கிரம் வாங்ஃக" என்றது ஒரு ஆண் குரல்.

எனக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில் விஷயம் தெரிந்தது. ஒரு ஆறு மாடிக் கட்டடம். ஐந்தாம் மாடியில் பல் மருத்துவர். இவர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு இறங்கும்போது லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. மரத்துப்போகும் ஊசி போட்டிருந்ததால் அவருக்குப் பாதி வாய் இல்லை. எனக்கு எப்போதுமே பாதி வாய்தான். நல்ல ஜோடி.

சித்தப்பாவுக்குச் சொன்னேன். நகரின் மறுகோடியில் இருந்தார். "கிளம்பிட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே மழை தாரை தாரையாகக் கொட்டியது. பல நாள் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில்தான் வழுக்கும் என்று தங்கை சொன்னது நினைவுக்கு வந்தது. நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அது என் மேசைக்கு நேர் எதிரில் மாட்டியிருந்தது.

பதினைந்து நிமிடம். இருபது நிமிடம். மேலாளர் என் மேசையருகில் வந்து நின்றார். மோசமான மனிதர் இல்லை. மேலிடத்துக்குத் தாள் அனுப்ப வேண்டியவர், அவ்வளவுதான்.

"எங்க இருக்காரு உங்க சித்தப்பா? நீந்தி வர்றாரா?"

"தெரியலை சார்."

"ஒரு தடவை கூப்பிட்டுப் பாரேன்."

"வண்டியில இருக்கும்போது எடுக்க மாட்டாரு சார்."

உண்மையில் அவர் எடுத்துவிடக் கூடாதே என்று எனக்குப் பயம். தொலைபேசியின் மறுமுனையில் பல் பிடுங்கியவர் மூச்சு விடுவது கேட்டது. "இருக்கீங்ஃகளா?" என்று நடுநடுவே கேட்பார். "இருக்கேன்" என்பேன்.  மழைச் சத்தத்தை இரண்டு பக்கமிருந்தும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதே நேரத்தில் நடந்ததைச் சித்தப்பா பிறகு சொன்னார். அந்தக் கட்டடத்துக்கு மூன்று தெரு முன்னால், ஒரு சந்திப்பில் வலது பக்கம் திரும்ப நின்றிருக்கிறார். வலப்பக்கமிருந்து ஒரு வேன். கேன் ஏற்றிய வேன்தான், ஆனால் வேறு வேன். இடது இண்டிகேட்டர் மழைக்குள் மங்கலாகச் சிமிட்டியது. பின்னால் ஒரு கார் ஹாரனை அமுக்கியபடி நின்றது. "போய்யா, அவன்தான் திரும்பறானே!" என்று ஒரு குரல். மணிக்கட்டில் நேரம் ஓடுகிறது. இருபத்து மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்று அவருக்குத் தெரியும். இந்த வேனுக்கு முன்னால் போய்விட்டால் முழுசாக ஒரு நிமிடம் மிச்சம்.

"அம்பு திரும்பிடுச்சுடா" என்றார் என்னிடம். "சக்கரம் திரும்பலை."

அவர் நகரவில்லை. வேன் நேராகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து அவர் முழங்கால் வரை சேற்றை அடித்துவிட்டு அதே வேகத்தில் போயிற்று. விளக்கு தூரத்தில் மறையும்வரை இடது பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. பின்னால் ஹாரன் அடித்த கார் அதன் பிறகு ஒரு சத்தமும் போடவில்லையாம்.

இருபத்தெட்டாவது நிமிடம். தொலைபேசிக்குள் தூரத்தில், கதவின் இடுக்கு வழியாக, எனக்குத் தெரிந்த குரல் ஒன்று கேட்டது.

"உள்ள இருக்கறவரே! வந்துட்டேன். பயப்படாதீங்க. கதவைத் தள்ளாதீங்க, சாய்ஞ்சு நிக்காதீங்க."

நான் மேலாளர் பக்கம் திரும்பினேன். 

"வந்துட்டாரு சார்" என்றேன்.

"கதவைத் திறந்துட்டாரா?"

"இன்னும் இல்லை."

சித்தப்பா மொட்டைமாடிக்கு ஏறினார். எனக்கு ஒவ்வொரு படியும் தெரியும். சுவிட்சை அணைத்திருப்பார். பூட்டு. சாவி பையில். இறங்கி வந்திருப்பார். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தொன்பது. முப்பது. அப்போது மறுமுனையில் சித்தப்பாவின் குரல் மறுபடி கேட்டது. கூட்டாளி இல்லாததால் கேள்வியையும் அவரேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"சாவி யார்கிட்ட?"

"எங்ஃகிட்ட இல்லீங்ஃக!" என்று உள்ளேயிருந்து பதறினார் பல் பிடுங்கியவர்.

"உங்களைக் கேக்கலைங்க. எங்கிட்ட. எங்கிட்ட."

கதவு விலகும் சத்தம். காலணி தரையில் தொப்பென்று இறங்கும் சத்தம். பிறகு, பாதி வாயில் ஒரு சொல்:

"ஃபாரி."

நான் சிரித்துவிட்டேன். மேலாளர் முறைத்தார். கடிகாரத்தில் முப்பத்திரண்டு.

"முப்பத்திரண்டு. மூணாவது தவறு" என்றார் மேலாளர், வருத்தத்தோடுதான். "எழுதிடு."

சிவப்புப் பேனா என் கையில் இருந்தது. பதிவேட்டைத் திறந்தேன். கட்டத்தின் தலைப்பைப் பார்த்தேன். தினமும் நான் நிரப்பும் கட்டம். தலைப்பை ஒருநாளும் படித்ததில்லை. பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன்.

"வந்து சேர்ந்த நேரம்னுதான் போட்டிருக்கு சார்" என்றேன். "கதவு திறந்த நேரம்னு இல்லை. அவர் வந்து சேர்ந்தது இருபத்தெட்டு. நான் காதால கேட்டேன்."

மேலாளர் தலைப்பைப் படித்தார். அவருடைய கையெழுத்துதான் அது. என்னைப் பார்த்தார். ஒரே மூச்சில் நாலு வாக்கியம் பேசியவனை அவர் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"இதை யார் இப்படி எழுதினது?"

"நீங்கதான் சார்."

தலைப்பை இன்னொரு முறை விரல் வைத்துப் படித்தார். பிறகு மூச்சை விட்டார். அவருக்கும் இப்படி ஒரு வழி தேவைப்பட்டதுபோல இருந்தது. "சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். நீலப் பேனாவை எடுத்து இருபத்தெட்டு என்று எழுதினேன். அந்த எண்ணின் இரண்டு இலக்கங்களும் கொஞ்சம் கோணலாக இருக்கின்றன. இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம்.

*

அன்று நான் முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டேன். சித்தி தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தார். ஊசியில் நூல் கோக்கவில்லை. வெறும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. தங்கை வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, எதுவும் நடக்காதது போல நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரே விரலில் மூன்று தடவை வெட்டியதைப் பார்த்தேன்.

தெரு முனையில் வண்டிச் சத்தம். ஒரு மாடி முன்பே குறைந்து, உள்ளே நிற்பவருக்கே தெரியாமல் வாசலில் நின்றது. சித்தியின் கால் மிதிப்பதை நிறுத்தியது.

சித்தப்பா முழங்கால் வரை சேற்றோடு இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். தலைமுடி நனைந்து குழந்தை முடிபோல ஒட்டியிருந்தது.

"இண்டிகேட்டர் எரியுதுப்பா" என்றாள் தங்கை.

திரும்பிப் பார்த்தார். எரிந்தது. அணைத்தார்.

"மழையில வந்ததே பெரிசு. அதையும் இதையும் சொல்லாதே" என்றார் சித்தி. பிறகு, "இன்னைக்கு யாரு? என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"ஃபாரி" என்றார் சித்தப்பா.

அதை விளக்கிச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. பாதி வாயை இழுத்து அவர் நடித்துக் காட்டியதில் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். துடைத்ததில் எது சிரிப்பு, எது மற்றது என்று நான் ஆராயவில்லை.

வழக்கப்படி சித்தப்பா சாவியை நீட்டினார். சித்தி வாங்கிக்கொள்ளவில்லை. ஊசியில் நூலைக் கோத்தபடி சொன்னார்:

"ஆணியில மாட்டுங்க. சர்க்கரையெல்லாம் துரு வாசம் அடிக்குது."

சித்தப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். ஒரு மாதமாக ஆணி வெறுமையாக இருந்ததால் அதில் யாரோ சித்தியின் அளவு நாடாவை மாட்டியிருந்தார்கள். அதை எடுத்துச் சித்தியின் தோளில் போட்டுவிட்டு, சாவியை மாட்டினார். அது கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது. நின்றதும் காலணியைக் கழற்ற உட்கார்ந்தார்.